லினக்ஸ் பொதி மேலாளர் பதிவுகளின் உரிமையும் அனுமதியும்: டெபியன் மரபை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருள்களை நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும் பொதி மேலாளர் சில பதிவுக்கோப்புகளை எழுதுகிறது. அவற்றை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் அகற்றலாம் என்பவை மூன்று தனித்தனி வினாக்கள். முதல் இரண்டுக்கும் கோப்பின் அனுமதி விடை தருகிறது. மூன்றாவதற்குக் கோப்பகத்தின் அனுமதியே விடை தருகிறது. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் பதிவுகளை முதன்மையாகவும் ஃபெடோரா, ஆர்ச், ஜென்டூ ஆகியவற்றை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்ளும் இக்கட்டுரை, ஒரு பதிவின் அனுமதி அதன் உள்ளடக்கத்தைக் கொண்டே தீர்மானிக்கப்பட வேண்டும் என்பதையும், எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே அனுமதியை விதிக்கும் வழக்கம் எங்கெங்குத் தவறுகிறது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், டெபியன், பொதி மேலாளர், பதிவுக்கோப்பு, கோப்பு உரிமை, கோப்பு அனுமதி, பதிவுச் சுழற்சி.

முன்னுரை

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு சேவையகத்தில் நேற்றுவரை இயங்கிய நிரல் இன்று இயங்க மறுத்தால், 'இடையில் எது மாறியது?' என்பதே முதலில் எழும் வினா. அதற்கான விடை பெரும்பாலும் பொதி மேலாளரின் பதிவில் கிடைத்துவிடும். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு நீக்கப்பட்டு எது வந்தது என்பது அதில் வரிவரியாக இருக்கும். சேவையகம் ஊடுருவப்பட்டதோ என்ற ஐயம் எழும்போதும் புலனாய்வு தொடங்கும் இடங்களுள் இது ஒன்று. ஆகவே இப்பதிவு தேவைப்படுவோர்க்குத் திறந்திருக்கவும் வேண்டும். திருத்த விரும்புவோர்க்கு மூடியிருக்கவும் வேண்டும். இவ்விரு தேவைகளையும் லினக்ஸ் எவ்வாறு நிறைவு செய்கிறது, எங்கே நிறைவு செய்யத் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. உரிமையாளர், குழுவினர், பிறர் என்னும் மூவகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய அனுமதிகள் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பிட்டு அவற்றைக் கூட்டி எழுதுவது வழக்கம். எனவே 644 என்பது உரிமையாளர் படிக்கவும் எழுதவும், குழுவினரும் பிறரும் படிக்க மட்டும் இயலும் என்பதைக் குறிக்கும். 640 எனில் பிறர்க்கு எதுவும் இல்லை. கோப்பகத்திற்கு வரும்போது இச்சொற்களின் பொருள் மாறுகிறது. அங்கே எழுதும் அனுமதி என்பது அதனுள் இருக்கும் கோப்புகளை உருவாக்கவும், பெயர் மாற்றவும், நீக்கவுமான அதிகாரம். இயக்கும் அனுமதி என்பது அதன் வழியாக உள்ளே செல்லும் உரிமை. இந்த வேறுபாட்டைப் பயிற்சிநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பதிவுகளைப் பொறுத்தவரை இதுவே மையமானது எனக் கருத இடமுண்டு.

டெபியனின் மூன்று பதிவுகள்

டெபியனில் பதிவுகள் 'வார்' கோப்பகத்தினுள் அமைந்த 'லாக்' கோப்பகத்தில் சேமிக்கப்படுகின்றன. அங்கே பொதி மேலாண்மை தொடர்பானவற்றுள் முதன்மையானவை மூன்று. அடிநிலைக் கருவியான டிபிகேஜி எழுதும் பதிவு முதலாவது. பொதியைப் பிரித்து வைத்தது, அமைவு செய்தது, பாதி நிறுவப்பட்ட நிலையில் இருந்தது என ஒவ்வொரு நிலைமாற்றத்தையும் இது நேரத்துடன் குறிக்கிறது. மேல்நிலைக் கருவியான ஆப்ட், லாக் கோப்பகத்திற்குள் தன் பெயரிலேயே ஒரு துணைக்கோப்பகம் வைத்து மற்ற இரண்டையும் எழுதுகிறது. அவற்றுள் 'ஹிஸ்டரி' பதிவு, பணி தொடங்கிய நேரம், இடப்பட்ட கட்டளை, கட்டளையிட்ட பயனர், நிறுவப்பட்ட பொதிகள், முடிந்த நேரம் ஆகியவற்றைச் சுருக்கமாகத் தருகிறது. 'டெர்ம்' பதிவு அவ்வேளையில் முனையத்தில் தோன்றிய அனைத்தையும் அப்படியே பிடித்துவைக்கிறது.

மூன்றுக்கும் உரிமையாளர் ரூட் பயனரே. டிபிகேஜி பதிவும் ஹிஸ்டரி பதிவும் ரூட் குழுவைச் சார்ந்து 644 அனுமதியுடன் உள்ளன; அதாவது கணினியில் கணக்குள்ள எவரும் படிக்கலாம். டெர்ம் பதிவு மட்டும் 'அட்ம்' என்னும் குழுவைச் சார்ந்து 640 அனுமதியுடன் உள்ளது. கணினியைக் கண்காணிக்கும் பணிக்கென டெபியனில் ஒதுக்கப்பட்ட குழு இது. லாக் கோப்பகம் பழைய யூனிக்ஸ் அமைப்புகளில் 'அட்ம்' என்ற பெயரில் இருந்ததால் குழுவுக்கும் அப்பெயர் நிலைத்தது. உபுண்டுவை நிறுவும்போது உருவாக்கப்படும் முதல் பயனர் இக்குழுவில் இயல்பாகவே சேர்க்கப்படுகிறார். அதனால் தம் சொந்தக் கணினியில் உபுண்டு பயன்படுத்துவோர்க்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

டெர்ம் பதிவு மூடப்பட்ட வரலாறு

ஒரே நிகழ்வைப் பதியும் இரு கோப்புகளில் ஒன்று திறந்தும் மற்றது மூடியும் இருப்பது தற்செயலன்று. உபுண்டுவில் டெர்ம் பதிவும் ஒரு காலத்தில் அனைவரும் படிக்கத்தக்கதாகவே இருந்தது. அது பாதுகாப்புக் குறைபாடாக ஏற்கப்பட்டுச் சிவிஇ-2012-0961 என்ற எண்ணில் பதிவாகி, அதன்பின் திருத்தப்பட்டது. முனையத்தில் தோன்றும் நுண்தகவல்களைக் கணினியின் எந்தப் பயனரும் படித்துவிட முடிந்தது என்பதே குறைபாடு.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விரிவாகக் காண்பது தகும். ஒரு பொதியின் புதிய பதிப்பு வரும்போது அதன் அமைவுக்கோப்பை நிர்வாகி ஏற்கெனவே திருத்தியிருந்தால், டிபிகேஜி இடையில் நின்று வினவும்: புதியதை ஏற்பதா, பழையதை வைத்திருப்பதா? இவற்றோடு வேறு இரு வாய்ப்புகளும் தரப்படும். ஒன்று, இரு கோப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்டுதல். மற்றது, நிலைமையை ஆராய்ந்து பார்க்க ஒரு கட்டளைச் சூழலைத் திறத்தல். ஆப்ட், டிபிகேஜியை ஒரு போலி முனையத்திற்குள் வைத்து இயக்குவதால் இவ்விரண்டின் வெளியீடும் டெர்ம் பதிவில் சேர்ந்துவிடும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அமைவுக்கோப்பில் எழுதப்பட்டிருந்தால், வேறுபாட்டைக் காட்டும்போது அவ்வரி திரையில் தோன்றும். தோன்றிய அளவிலேயே பதிவாகும். மூல அமைவுக்கோப்பு 600 அனுமதியுடன் காக்கப்பட்டிருந்தாலும் அதன் நகல் 644 அனுமதியுள்ள மற்றொரு கோப்பில் வெளிப்பட்டுவிடுகிறது. மூலத்தைக் காப்பவர் நகலை அறிவதில்லை. நிர்வாகி எதையும் தவறாகச் செய்யவில்லை என்பதே இதில் கவலைக்குரியது; கேட்ட வினாவுக்கு முறையாக விடையளித்திருக்கிறார், அவ்வளவே.

திருத்தத்தின்போது ஆப்ட் பொதியின் நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட்டில், முன்பே இருந்த டெர்ம் பதிவுகள் அனைத்தின் அனுமதியையும் மாற்றும் வரி சேர்க்கப்பட்டது. அவ்வரி இல்லையெனில் திருத்தம் பாதிதான். ஏனெனில் சுருக்கிவைக்கப்படும் பழைய பதிவு, சுருக்கப்படுவதற்கு முன் தனக்கிருந்த அனுமதியையே தொடர்ந்து கொண்டிருக்கும். ஓராண்டுப் பதிவுகள் திறந்தே கிடந்திருக்கும்.

டெபியனுக்குள்ளேயே இதற்கு இணையான மற்றொரு பிரிப்பு உண்டு. நிறுவலின்போது கேட்கப்படும் வினாக்களுக்கான விடைகளைச் சேமிக்கும் டெப்கான்ஃப், பொதுவான விடைகளை அனைவரும் படிக்கத்தக்க ஒரு கோப்பிலும், கடவுச்சொற்களை ரூட் மட்டும் படிக்கத்தக்க 600 அனுமதியுள்ள மற்றொரு கோப்பிலும் வைக்கிறது. ஆப்ட் தன் பதிவுகளுக்குத் தாமதமாகக் கண்ட தீர்வும் இதே வழியிலானது.

மறைப்பதால் பயனில்லாதவை

டெர்ம் பதிவுக்குப் பொருந்தும் காரணம் மற்ற இரண்டுக்கும் பொருந்துமா? பாதுகாப்பு அளவுகோல்களை வெளியிடும் சிஐஎஸ் அமைப்பின் லினக்ஸ் அளவுகோல்களில், லாக் கோப்பகத்தின் கீழுள்ள எல்லாக் கோப்புகளிலிருந்தும் பிறர்க்கான அனுமதி முழுவதையும், குழுவினரின் எழுதும், இயக்கும் அனுமதிகளையும் ஒரே கட்டளையில் நீக்கும் பரிந்துரை இடம்பெற்றுள்ளது. தணிக்கையில் தேர்ச்சி பெறுவதற்காக இதனை அப்படியே இயக்குவோர் பலர். எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டுள்ளது என்பதைப் பதிவிலிருந்து ஒருவர் அறிந்தால், குறைபாடுள்ள பதிப்பைக் குறிவைத்துத் தாக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயங்களுள் ஒன்று.

டெபியனைப் பொறுத்தவரை இந்நியாயம் வலுவற்றது. நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலும் பதிப்பெண்களும் டிபிகேஜியின் நிலைக்கோப்பில் உள்ளன. அது 644 அனுமதியுடையது. எந்தப் பயனரும் ஒரே கட்டளையில் முழுப்பட்டியலையும் பெறலாம். ஆர்பிஎம் குடும்பத்திலும் நிறுவப்பட்டவற்றை நிறுவிய நேரத்துடன் பட்டியலிட ரூட் அதிகாரம் தேவையில்லை. முன்வாயில் திறந்திருக்கும் வீட்டில் சன்னலைப் பூட்டுவது போன்றதே டிபிகேஜி பதிவை மறைப்பது. அதனால் இழப்பும் உண்டு. தம் நிரல் ஏன் உடைந்தது என்பதைத் தாமே கண்டறிய விரும்பும் சாதாரணப் பயனர் ஒவ்வொரு முறையும் நிர்வாகியை நாட வேண்டியிருக்கும்.

ஹிஸ்டரி பதிவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் பதிவாகும் கட்டளைவரி, விருப்பத்தேர்வுகள் உட்பட முழுமையாகவே எழுதப்படுகிறது. பதிலாள் சேவையகத்தின் வழியாக இணையத்தை அணுகும் நிறுவனங்களில், அதன் முகவரியைப் பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றுடன் கட்டளைவரியிலேயே விருப்பத்தேர்வாகத் தரும் பழக்கம் காணப்படுகிறது. அவ்வாறு தந்தால் கடவுச்சொல் 644 அனுமதியுள்ள கோப்பில் போய் அமர்ந்து, பதிவுச் சுழற்சியில் ஓராண்டு வரை அங்கேயே இருக்கும். இதே தகவலைச் சூழல்மாறியாகத் தந்தால் அது கட்டளைவரியின் பகுதியன்று என்பதால் பதிவாகாது. பதிவின் அனுமதியை மாற்றுவதைவிட இப்பழக்கத்தை மாற்றுவதே இங்கு நேரிய தீர்வாகும்.

பிற வழங்கல்களின் தேர்வுகள்

ஆர்பிஎம் மரபில் யம் கருவியின் பதிவு, சுழற்சி அமைவிலேயே 600 என விதிக்கப்பட்டு ரூட் மட்டும் படிக்கத்தக்கதாக இருந்தது. அதன் இடத்தில் வந்த டிஎன்எஃப் கருவியின் பதிவோ 644 அனுமதியுடன் திறந்துள்ளது. ஒரே மரபின் இரு தலைமுறைகள் எதிரெதிர் முடிவுகளை எடுத்துள்ளன.

ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் ஒரே பதிவில் எல்லாவற்றையும் எழுதுகிறது. இடப்பட்ட கட்டளையும் நிறுவல் ஸ்கிரிப்ட்களின் வெளியீடும் அதிலேயே சேர்கின்றன. அனுமதி 644. டெர்ம் பதிவைக் கண்டபின் இது கவனக்குறைவாகத் தோன்றலாம். ஆயினும் பேக்மேன் அமைவுக்கோப்பைப் பற்றி இடையில் நின்று வினவுவதில்லை. புதியதைத் தனிப்பெயரில் அருகே வைத்துவிட்டுச் செல்கிறது. வேறுபாடு திரையில் காட்டப்படாததால் அது பதிவிலும் இல்லை. அனுமதியின் எண்ணை மட்டும் ஒப்பிட்டு ஒன்றைப் பாதுகாப்பானது என்றும் மற்றொன்றை அல்லவென்றும் கூற இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஜென்டூவின் எமர்ஜ் பதிவு வேறு வகையினது. அதன் உரிமையாளரும் குழுவும் போர்டேஜ், அனுமதி 660. போர்டேஜ் குழுவில் சேர்க்கப்பட்ட பயனர் எவரும் அதன் உள்ளடக்கத்தைத் திருத்தலாம். வசதி கருதிக் குழுவில் சேர்க்கப்படும் ஒருவருக்கு வரலாற்றை மாற்றி எழுதும் ஆற்றலும் கூடவே கிடைத்துவிடுகிறது.

கோப்பகமே உண்மையான காவல்

உள்ளடக்கத்தைத் திருத்த முடியாதவர் கோப்பையே மாற்றிவைக்க முடியுமெனில், திருத்த முடியாமை என்பதற்குப் பொருளில்லை. டெபியனில் லாக் கோப்பகம் ரூட் பயனருக்கும் ரூட் குழுவுக்கும் உரியது, அனுமதி 755. உபுண்டுவிலோ அது சிஸ்லாக் குழுவுக்கு உரியது; அனுமதி 775. அங்கே ஆர்சிஸ்லாக் சேவை ரூட்டாக அன்றி, சிஸ்லாக் என்னும் பயனராக இயங்கிப் புதிய பதிவுகளை உருவாக்க வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு. சேவையின் அதிகாரத்தைக் குறைக்கும் நல்ல நோக்கமுடையது அது. ஆனால் அதன் விளைவாக, சிஸ்லாக் அதிகாரம் பெற்ற எந்த நிரலும் 644 அனுமதியுள்ள டிபிகேஜி பதிவைப் படித்து, சில வரிகளை விலக்கி நகலெடுத்து, மூலத்தை நீக்கிவிட்டு, நகலை அதே பெயரில் வைக்க இயலும். ஒரு வரியைக்கூட 'எழுத' அனுமதியில்லாத கோப்பு இவ்வாறு மாற்றப்பட்டுவிடும். காட்டிக்கொடுக்கும் தடயம் ஒன்றே: புதிய கோப்பின் உரிமையாளர் ரூட் அல்லர், சிஸ்லாக். உபுண்டு சேவையகங்களை ஆராய்வோர் பதிவின் உள்ளடக்கத்தைப் படிக்குமுன் அதன் உரிமையாளரைப் பார்ப்பது நன்று. ஆப்டின் துணைக்கோப்பகம் ரூட்டுக்கு மட்டுமே எழுதும் அனுமதி தருவதால் அதனுள் இருக்கும் ஹிஸ்டரி, டெர்ம் பதிவுகளை இவ்வாறு நேரடியாக நீக்கி மாற்றிவைக்க இயலாது.

கோப்பக உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பொதி மேலாளருக்கு வெளியிலுள்ள ஒரு நிகழ்வு காட்டுகிறது. டெபியன் வழங்கிய என்ஜின்எக்ஸ் பொதி, தன் பதிவுக்கோப்பகத்தை இணையச் சேவையின் பயனருக்கே உரியதாக உருவாக்கியது. அப்பயனரின் அதிகாரத்தைக் கைப்பற்றியவர் பதிவுக்கோப்பை நீக்கி, அதே பெயரில் கணினியின் முக்கியமான ஓர் இடத்தைச் சுட்டும் இணைப்புக்கோப்பை வைக்க முடிந்தது. பதிவுச் சுழற்சியின் முடிவில் ரூட் அதிகாரத்துடன் இயங்கும் தலைமை நிரல் பதிவை மீண்டும் திறக்கும்போது, சுட்டப்பட்ட இடத்தில் கோப்பை உருவாக்கிவிடும். அதன்வழி ரூட் அதிகாரம் வரை உயர வாய்ப்பிருந்தது. சிவிஇ-2016-1247 என்பது இதன் எண். குழு எழுதத்தக்க கோப்பகங்களில் எந்தப் பயனராக இயங்க வேண்டும் என்று கூறப்படாவிட்டால் லாக்ரொட்டேட் பணிசெய்ய மறுப்பதும் இவ்வகைத் தாக்குதல்களைக் கருதியே. உபுண்டுவின் லாக்ரொட்டேட் அமைவிலும் ஜென்டூவின் பதிவுச்சுருக்க அமைவிலும் இதற்கான வரிகள் உள்ளன.

மாற்றிய அனுமதி நிலைப்பதில்லை

நிறுவனக் கொள்கை காரணமாக டிபிகேஜி பதிவின் அனுமதியை 640 ஆக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். சிஎச்மாட் கட்டளையை இட்டதும் பணி முடிந்ததாகவே தோன்றும். அடுத்த மாதம் பார்த்தால் பதிவு மீண்டும் 644 ஆக இருக்கும். டிபிகேஜியின் சுழற்சி அமைவு, மாதம் ஒருமுறை பழைய பதிவைப் பெயர் மாற்றி ஒதுக்கி, ரூட் உரிமையுடன் 644 அனுமதியில் புதியதை உருவாக்குமாறு கூறுவதே காரணம். ஹிஸ்டரி பதிவில் மாற்றம் அவ்வளவு நாள்கூட நிற்காது. ஆப்ட் ஒவ்வொரு முறை பதிவைத் திறக்கும்போதும் அதன் அனுமதியைத் தானே 644 ஆக்கிவிடுகிறது.

ஆகவே மாற்றம் செய்ய வேண்டிய இடமே வேறு. டிபிகேஜிக்கு, அதன் சுழற்சி அமைவுக்கோப்பில் உள்ள உருவாக்க வரியைத் திருத்த வேண்டும். ஆப்டுக்கு, கோப்புகளை விட்டுவிட்டுத் துணைக்கோப்பகத்தை ரூட் உரிமையும் அட்ம் குழுவும் 750 அனுமதியும் உடையதாக ஆக்குவது எளிது. உள்ளே செல்லும் உரிமை இல்லாதவர்க்கு உள்ளிருக்கும் கோப்பின் 644 பயன்படாது. அக்கோப்பகம் ஆப்ட் பொதியின் பகுதியாகவே நிறுவப்படுவதால், டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு கருவியால் இவ்விதியைப் பதிவு செய்துவிடலாம். ஆப்ட் புதுப்பிக்கப்பட்டாலும் விதி நீடிக்கும். இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். அனுமதி சோதிக்கப்படுவது கோப்பைத் திறக்கும் கணத்தில் மட்டுமே. முன்பே திறந்துவைத்திருக்கும் நிரல், அனுமதி மாறிய பின்னரும் தொடர்ந்து படிக்கும்.

ரூட்டுக்கு எதிரே

மேற்கூறிய எதுவும் ரூட் பயனரைக் கட்டுப்படுத்தாது. பொதி நிறுவலே ரூட் அதிகாரத்தில் நடைபெறுவதாலும், பொதியினுள் வரும் ஸ்கிரிப்ட்கள் அதே அதிகாரத்தில் இயங்குவதாலும், தீய நோக்குடைய ஒரு பொதி தான் நிறுவப்பட்ட செய்தியையே பதிவிலிருந்து அழித்துவிட முடியும். இறுதியில் மட்டுமே எழுதத்தக்கது என்னும் பண்பைச் சாட்ஆட்டர் கட்டளையால் கோப்புக்குச் சேர்க்கலாம். ஆனால் ரூட் அதனை நீக்கவும் முடியும். மேலும் அப்பண்புள்ள கோப்பைப் பெயர் மாற்ற இயலாது என்பதால் பதிவுச் சுழற்சியும் தடைப்படும்.

எஞ்சும் வழி, எழுதப்பட்டவுடன் வரிகளை வேறொரு கணினிக்கு அனுப்புதல். ஆர்சிஸ்லாக்கின் கோப்புவாசிப்புக் கூறு இதைச் செய்யவல்லது. இங்கே படிக்கும் அனுமதி மீண்டும் குறுக்கிடுகிறது. உபுண்டுவில் சிஸ்லாக் பயனர் அட்ம் குழுவின் உறுப்பினர். எனவே டெர்ம் பதிவு 640 ஆக இருந்தும் ஆர்சிஸ்லாக் அதனைப் படித்து அனுப்ப முடியும். டிபிகேஜி பதிவோ ரூட் குழுவைச் சார்ந்தது. அளவுகோலைப் பின்பற்றிப் பிறர்க்கான அனுமதியை மட்டும் நீக்கி, குழுவை மாற்றாமல் விட்டால், சிஸ்லாக் பயனர் 'பிறர்' வகையில் விழுந்து படிக்கும் உரிமையை இழப்பார். அன்றிலிருந்து தொலைவிலுள்ள கணினிக்கு எதுவும் போய்ச்சேராது. பதிவு ஊடுருவியவரின் கைக்கெட்டும் இடத்தில் மட்டுமே இருக்கும். உருவாக்க வரியில் 640 என்று எழுதுவோர், அதே வரியில் ரூட் குழுவின் இடத்தில் அட்ம் என்று எழுதினால் இந்நிலை நேராது.